எலி வாங்குறதுக்கு யாரு காசு தருவாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கட பேப்பர்ல ஒருத்தர் காயப்பட்ட ஆந்தை ஒண்ட கையில வச்சிட்டு நிக்கிற போட்டோ பெருசா வந்திருந்திச்சு, கீழ ‘காப்பாற்றப்பட்டது’ எண்டு போட்டிருந்தீங்க. பாக்க சந்தோசமாத்தான் இருந்திச்சு. ஆனா அந்த ஆந்தைக்கு அண்டைக்குத்தான் வேலையே ஆரம்பிச்சிருக்கும், அதுக்குப் பிறகு அது எங்க போச்சு, யாரு சாப்பாடு குடுத்தது, அந்தச் செலவு யாரு தலையில விழுந்திச்சு எண்டு ஒரு வரியும் இல்ல, அதான் இந்தக் கடிதம்.

நான் ரிட்டயர் ஆன கணக்கு கிளாக். மூண்டு வருசமா சனிக்கிழமைகள்ல கொழும்புக்கு வெளிய இருக்கிற ஒரு சின்ன வனவிலங்கு மறுவாழ்வு நிலையத்துக்குப் போய் அவங்கட கணக்குப் புத்தகத்தப் பாத்துக் குடுக்குறேன். லாபம் பாக்காம நடத்துற இடம். எனக்குச் சம்பளம் இல்ல, பிளேன்டீ உண்டு. நான் அங்க போகத் தொடங்கினதுக்கும் காரணம் ஒரு ஆந்தைதான். ஓகஸ்ட் மாசம், காலிமுகத்திடல்ல பட்டம் விடுற சீசன், எங்க இருந்தோ அறுந்து வந்த தங்கூசி நூல் செட்டையில சுத்தி எங்கட பிளட் பல்கனியில வந்து விழுந்து கிடந்திச்சு. பக்கத்து வீட்டு அன்ட்டி வந்து பாத்திட்டு, சாக்குருவி வீட்டுக்குள்ள வரக்கூடாது தம்பி, உடன கீழ எறிஞ்சிரு எண்டு ஒரே பிடி. எனக்கு அறுபத்திரண்டு வயசு, அவங்களுக்கு இன்னமும் நான் தம்பி. ஒரு கடதாசிப் பெட்டியில ஓட்டை போட்டு உள்ள வச்சு, யார் யாரிட்டயோ கேட்டுக் கேட்டுத் த்ரீவீல்ல அங்க கொண்டுபோய்ச் சேத்தேன். குடுத்திட்டு நானும் எல்லாரையும் போல நன்றி சொல்லிட்டுக் கிளம்பினேன் தான், பொக்கெட்ல கை வைக்கேல்ல. வீட்ட வந்த பிறகுதான் வெக்கமா இருந்திச்சு.

அங்க கணக்குப் பாக்கப் பாக்கத்தான் சில விசயம் விளங்கிச்சு. ஆந்தைக்கு எலும்பில்லாத கோழி இறைச்சிய வெட்டிக் குடுத்தா நல்லாத் தின்னும், ஆனா கல்சியம் இல்லாம நாள் போக எலும்பு மென்மையாகி வளைஞ்சிரும், அதால முழு எலியாத்தான் குடுக்கணும், எலும்பு மயிர் எல்லாத்தோடயும். செமிக்காதத உருண்டையா வெளிய கக்கும், அது நல்ல அறிகுறியாம். ஆக, நான் வெள்ளிக்கிழமை சைவம், சனிக்கிழமை எலி வாங்கின வவுச்சருக்குக் கையெழுத்து. ஓடிட் பண்ண வந்த பிள்ளை ‘எலி’ எண்டு எழுதியிருக்கிறதப் பாத்திட்டு, அங்கிள் இது எலிப் பொறியா எண்டு கேட்டுது!

மே, ஜூன்ல காத்து மழையோட கூடு விழுந்து அணில் குஞ்சுகள் வரத் தொடங்கும். கண் திறக்காததுகளுக்கு ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பால், ராவிலயும் எழும்பணும். பசும்பாலக் குடுத்தா வயித்தால போய்ச் செத்துரும், கொண்டு வாறவங்கள்ல பாதிப்பேர் அன்பா அதைத்தான் குடுத்திட்டு வருவாங்க. நாய்க்குட்டிக்கு விக்கிற பால்மா வேணும், அது இறக்குமதி, 2022ல மனுசப் பிள்ளைக்கே பால்மாவுக்கு வரிசையில நிண்ட நாட்டில அதுக்கு என்ன பாடு பட்டிருப்பாங்க எண்டு நீங்களே யோசிங்க. பிறகு பார்க் பக்கம் கரண்ட் கம்பியில அடிபட்ட வௌவால், ரோட்டுல வாகனம் அடிச்ச மரநாய். கொழும்புக்கு 2018ல ராம்சார் எண்ட ஈரநிலப் பாதுகாப்பு சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ ஈரநில நகரம் எண்டு பட்டம் குடுத்தாங்க, மீன்பிடிப் பூனை நடமாடுற தலைநகரம் எண்டு நாங்களும் பெருமையா சொல்றோம், அதுகள் ரோட்டுல அடிபட்டா எடுத்துப் பாக்குறதுக்கு யாருக்கிட்டக் காசு இருக்கு எண்டு மட்டும் கதைக்கிறதில்ல.

காசு தாறவங்க இல்ல எண்டு சொல்ல மாட்டேன், தாறாங்க. ஆனா எதுக்குத் தாறாங்க எண்டுதான் பிரச்சினை. கூடு கட்டித் தாறோம், எங்கட அம்மா பேரில மாபிள் கல்லு வைக்கணும் எண்டுவாங்க. கூடு இருக்குது ஐயா, அதைக் கழுவுற பொடியனுக்குச் சம்பளம் தான் இல்ல. எக்ஸ்ரே, மயக்க மருந்து, மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் பில், வேனுக்கு டீசல், வாடகை, இதுகளுக்கு எண்டு கேட்டா முகம் சுருங்கிப் போகும். 2021ல கொழும்புக் கடல்ல எக்ஸ்பிரஸ் பேர்ல் எண்ட சரக்குக் கப்பல் எரிஞ்சு ஆமைகள் செத்துக் கரையொதுங்கினப்போ ஊர் முழுக்கப் போனைத் தூக்கிப் பாத்து அழுதிச்சு, போட்டோ வாறது நிண்டதோட அழுகையும் நிண்டு போச்சு. மிருகங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, அதுகள் மாசாமாசம் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு கொம்பனி ஐயா நல்ல தொகையோட வந்தார். மகளுக்குப் பிறந்தநாள், பிள்ளைகளக் கூட்டிட்டு வாறோம், குட்டிகளத் தூக்கிப் போட்டோ எடுக்க விடுங்க எண்டார். நிலையத்துப் பொறுப்பாளர் ஏலாது எண்டுட்டாங்க. செக்கும் போச்சு, ஐயாவும் போயிட்டார். எனக்கு அண்டைக்கு ஆத்திரம் தான் வந்திச்சு, அந்த மாசம் வாடகை கட்டக் காசில்ல. ஆனா அவங்க சொன்னது சரி. மனுசர்ட கைக்குப் பழகின மரநாய விட்டா அது நேரா அடுத்த வீட்டுக் குசினிக்குள்ள போகும், அங்க விளக்குமாத்தால அடிச்சே கொன்னுருவாங்க. அதுகள் எங்களப் பாத்தா பயந்து ஓடணும், அப்பதான் வெளிய விடலாம். அப்ப இந்த வேலை எவ்வளவு நல்லா நடக்குதோ அவ்வளவுக்குக் காட்ட ஒண்டும் மிஞ்சாது, காட்டாட்டி காசு வராது. மூண்டு வருசமா இந்த முடிச்ச அவிழ்க்க ஏலாம இருக்கிறோம்.

உடவளவையில 1995ல இருந்து வனஜீவராசிகள் திணைக்களம் நடத்துற யானைக்குட்டி இடத்தப் போய்ப் பாருங்க. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பால் குடுக்குறாங்க, சனம் மேடையில நிண்டு தூரத்தில இருந்து பாக்கலாம், தொட ஏலாது. வளந்த பிறகு காட்டுல விடுறாங்க. அதுக்கு அரசாங்கம் பின்னால இருக்கு, போர்ன் ஃப்ரீ மாதிரி வெளிநாட்டு அமைப்புகளும் உதவுது. யானைக்குட்டிய நூறடி தள்ளி நிண்டு பாத்தாலும் மனசு உருகும், அதால டிக்கட் விக்கும். கண் திறக்காத அணிலுக்கும் எலி தின்னுற ஆந்தைக்கும் யாரு டிக்கட் எடுப்பாங்க?

ஆகவே கேக்குறது சின்ன விசயம் தான். இப்பிடியான இடத்துக்குக் குடுக்க நினைக்கிறவங்க பேங்க்ல மாசாமாசம் போற மாதிரி ஒரு ஸ்டேண்டிங் ஓடர் போடுங்க, 500 ரூபா எண்டாலும் பரவாயில்ல, எதுக்கெண்டு குறிப்பிடாமக் குடுங்க. அதே நேரம் ஓடிட் பண்ணின கணக்கக் கேளுங்க, கேட்டா முகம் மாறுற இடத்துக்குக் குடுக்காதீங்க, திணைக்களத்து அனுமதி இருக்கா எண்டும் கேளுங்க. பாவம் எண்டு ஆந்தையையோ மரநாயையோ வீட்டுலயே வளக்க வெளிக்கிட்டா 1937ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில மாட்டிக்கொள்ளலாம், 1992 எண்ட நம்பருக்கு அடிச்சா திணைக்களத்துக்குப் போகும். ஆசிரியரே, அடுத்த முறை இப்பிடிப் போட்டோ போடுறப்போ அந்த நம்பரையும் கீழ போடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஆந்தைக்கு என்னாச்சு எண்டும் ஒருத்தர அனுப்பி விசாரிச்சு எழுதுங்க.

இன்னொண்டு, சொல்ல மறந்திட்டேன். கூடுகளுக்கு அடியில விரிக்கிறதுக்குத் தினமும் பழைய பேப்பர் வேணும், கிலோக் கணக்கா முடியுது. உங்கட ஒபிஸ்ல விக்காமத் திரும்பி வந்த பேப்பர் இருந்தா சொல்லுங்க, சனிக்கிழமை காலையில வேனோட நானே வந்து ஏத்திக்கொள்றேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்