2024–25 ஆண்டறிக்கை: அங்கன்வாடியும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு முதல்முறையாகப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அங்கன்வாடிப் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் தொடர்பாகக் கொடுத்த மனுக்களின் நிலை தனித்தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுத் தீர்மானத்தின்படி சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு அங்கன்வாடிக்கே போனதால், இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

நம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் காலையில் போகும் தாய், ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறார். லைன் வீட்டுப் பிள்ளை அதுவரை பக்கத்து வீட்டில் இருக்கிறது, இல்லையென்றால் பள்ளிக்குப் போகாத அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அதே தெருவில் மாடி வீட்டுப் பிள்ளை வேன் ஏறி நர்சரிக்குப் போகிறது. இரண்டுக்கும் வயது மூன்றுதான். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே விழுந்துவிடும் இந்த இடைவெளியைக் குறைக்க, இங்குள்ள பெரியவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும் என்றுதான் நாம் தீர்மானம் போட்டோம்.

உட்காருவதற்கு நேரம் குறிப்பதே முதல் சிக்கலாக இருந்தது. வேலைநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான் வர முடியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை சந்தையும் கறியும் முடிந்த பிறகு, மாலை நான்கு மணி என்று தாய்மார்களே நேரம் சொன்னார்கள். அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் குறையவில்லை. டீ போடுவது அங்கன்வாடி உதவியாளர் அம்மாவின் வேலை இல்லை என்றும் முடிவு செய்தோம். உறுப்பினர்கள் முறை வைத்துப் போடுகிறோம். எந்தப் பிள்ளை சோற்றை ஒதுக்குகிறது, எது மதியத்தில் தூங்காமல் அழுகிறது என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். அவர் நின்றுகொண்டிருக்க நாம் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது சரியல்ல.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கன்வாடிப் பக்கமே வராமல் இருந்தன. உள்ளூர் ரேஷன் கார்டு இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையில்லை. பிள்ளைக்கு ஆதார் எடுக்காவிட்டாலும் தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால் அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியிலேயே இங்கே மாற்றிக்கொள்ளலாம். இதை இந்தி தெரிந்த நம் உறுப்பினர் இருவர் லைன் வீடு லைன் வீடாகப் போய்ச் சொன்னார்கள்.

சேர்ந்த பிள்ளைகளில் ஒரு ஒடியாப் பெண்குழந்தை, வாசல்படியை விட்டு உள்ளே வரவே மறுத்தது. டீச்சர் அவள் அம்மாவை ஒரு விடுமுறை நாளில் கூப்பிட்டு எண்கள் சொல்லக் கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். மறுநாள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, "ஏக, துயி, தினி" என்று எண்ணத் தொடங்கினார். அவள் நகர்ந்து நகர்ந்து வந்து, ஐந்து வரை எண்ணி முடித்தாள். இப்போது நம் பிள்ளைகளும் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். அங்கன்வாடிக்கான "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டத்தில் பாட்டும் விளையாட்டும்தான் முதலில் வருகின்றன. அதனால் டீச்சர் பாடத்தை விட்டு விலகவும் இல்லை.

நடக்க முடியாத ஒரு சிறுவனை அவன் பாட்டி வீட்டிலேயே வைத்திருந்தார். மையத்தின் படி உயரம். நம் உறுப்பினரான கொத்தனார் சாய்தளம் கட்டிக் கொடுத்தார். சிமெண்டும் மணலும் சங்கச் செலவு. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடம் அவனைக் காட்டி, வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆட்டோ ஓட்டும் உறுப்பினர் ஒருவர் வாடகை வாங்குவதில்லை.

நம் உறுப்பினர்களில் இரண்டு குடும்பத்தினர் நர்சரியை விட்டுத் தங்கள் பிள்ளைகளை இங்கே சேர்த்திருக்கிறார்கள். இந்த ஆண்டில் நடந்தவற்றுள் இதையே நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். கேட்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகளும் அதே பாயில் உட்கார்ந்தால்தான், உடைந்த குழாய்க்கும் வராத விளையாட்டுப் பொருளுக்கும் குரல் எழும். சங்கம் மட்டும் மனு எழுதிக்கொண்டிருந்தால் போதாது.

டீச்சருக்குச் சுமை கூடிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தோம். பதிவேடு, செயலி, எடை பார்ப்பது, இணை உணவு வழங்குவது என்று அவருக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. பக்கத்து மையத்தில் பணியிடம் காலி என்பதால் அதையும் அவரே பார்க்கிறார். அதை நிரப்பக் கேட்டு பகுதி சபைக் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம்; இன்னும் பதில் இல்லை. நாம் மையத்துக்குப் போவது உதவி செய்யத்தான், மேற்பார்வை பார்க்க அல்ல. எடை பார்க்கும் நாளில் உறுப்பினர் ஒருவர் உதவிக்கு உடன் நிற்கிறார். எடை குறைந்த பிள்ளையின் தாயிடம் டீச்சர் தனியாகத்தான் பேசுகிறார். எல்லார் முன்னாலும் சொல்வதில்லை.

அங்கன்வாடிகளை நடத்தும், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு 2025 அக்டோபரில் 50 ஆண்டு நிறைகிறது. அதற்குள் மையத்தில் கழிப்பறைக் கதவையும் தண்ணீர் இணைப்பையும் சரிசெய்ய வேண்டும். இரவு வரை வேலை பார்க்கும் தாய்மார்களின் பிள்ளைகளை மாலையில் யார் பார்ப்பது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. சில கம்பெனி உரிமையாளர்களிடம் குழந்தைகள் காப்பகம் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டு இதுவே முதல் வேலை.

செயற்குழுவில் அங்கன்வாடிப் பெற்றோருக்கு இரண்டு இடம், அதில் ஒன்று வெளிமாநிலக் குடும்பத்துக்கு என்ற தீர்மானத்தையும் இத்துடன் முன்வைக்கிறேன். அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்