வைக்கோல் தந்த அப்பாயிக்கும் மற்ற எல்லோருக்கும்

சனிக்கிழமை இரவு நம் கல்லூரிக் கலைவிழாவின் கடைசி நாற்காலியை அடுக்கி வைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. புதனும் வியாழனும் மழை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. மாசியில் எங்கே மழை வரப்போகிறது என்று தகரம் வேண்டாமென்று சொல்லித் துணிப்பந்தல் போட்ட புத்திசாலிகள் நாங்கள்தான்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. பட்டிமன்றத்தை வகுப்பறைக்குள்ளேயே நடத்திக்கொடுத்த நடுவர் ஐயாவுக்கு, நனைந்துபோன இரண்டு நாளுக்கும் வாடகை வாங்காத சவுண்டு சர்வீஸ் அண்ணனுக்கு, கோலப்போட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றியும் முகம் சுளிக்காத மாணவிகளுக்கு, நள்ளிரவிலும் சுக்குக் காபி போட்டுத் தந்த மெஸ் அக்காக்களுக்கு, கபடி மைதானத்தில் நின்ற தண்ணீரை மண்வெட்டியால் வாய்க்கால் கீறி வடித்த தோட்டக்கார அண்ணன்களுக்கு (டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீர் வடிக்கவா சொல்லித்தர வேண்டும்). விட்டுப்போனவர்கள் எங்களை நேரில் பார்த்துத் திட்டலாம்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வைக்கோலுக்காக.

நிறைவு நாளுக்கு 18 பறை. மூன்று மாதப் பயிற்சி. சனிக்கிழமை மதியம் அறையைத் திறந்து பார்த்தால் ஓதத்தில் தோல் எல்லாம் தொங்கிக் கிடக்கிறது. அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல பொத் பொத் என்கிறது. வெயிலும் இல்லை. மகளிர் விடுதியிலிருந்து ஹேர் டிரையர் வந்தது. ஒரு பறைக்கே கால் மணி நேரம் ஆகி, அதுவும் சூடேறி நின்றுவிட்டது. செய்தித்தாளைக் கொளுத்தினோம். கண் எரிந்ததுதான் மிச்சம். 'பைபர் பறை வாங்கியிருக்கலாமே' என்று அந்த நேரத்தில் வந்து சொன்னவர்களுக்கு நன்றி இல்லை.

காய்ந்த வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டினால் தோல் இறுகும் என்று பின்வாசல் வழியாக நாங்கள் மூன்று பேர் தெருவுக்கு ஓடினோம். ஊர் முழுக்க ஈர வைக்கோல். இப்போதெல்லாம் மிஷின் அறுத்து மிஷினே உருட்டிக் கட்டிப்போடுகிறது, வைக்கோல்போர் போட்டு வைப்பவர்கள் குறைவு. கடைசி வீட்டில் ஒரு போர் இருந்தது, மேலே தார்ப்பாய். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம், காசு தருகிறோம் என்றும் சொன்னோம்.

"பறைக்கா? மேல எடுக்காத, ஊறியிருக்கும்" என்று எழுந்து வந்தவர், போரின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு உருவினார். பொன் நிறத்தில், சலசலவென்று, காய்ந்த வைக்கோல். "மாட்டுக்கு?" என்றேன். "ஒரு நாளு புல்லு திங்கட்டும். அங்க கொண்டுபோறதுக்குள்ள இதுவும் நமுத்துப் போவும், இங்கயே எடுத்தாங்க."

போர்வையில் சுற்றிப் பறைகளைத் தூக்கி வந்தோம். கோயில் திருவிழாவுக்கு வருகிற பறை செட்டு அந்த வாசலில்தான் சூடு காட்டுமாம். அதனால் அவருக்குப் பக்குவம் தெரிந்திருந்தது. "கிட்டக் காட்டாத தம்பி, தோலு தெறிச்சிரும். சுத்திச் சுத்திக் காட்டு." ஒவ்வொன்றையும் வாங்கி விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, இரண்டை மட்டும் மறுபடி நெருப்புக்கு அனுப்பினார். எங்கள் ஆசானே அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. பாட்டி பாட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த எங்களை, "அப்பாயின்னு கூப்புடுங்களேன்" என்று திருத்தியதும் அப்போதுதான். காசை நீட்டியபோது, "சாம்பல அள்ளி அந்த வாழையடியில போட்டுட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்ட கூலி.

கிளம்பும்போதுதான் சொன்னார், ஏதோ நினைவு வந்தது போல. அவருடைய நெல் 4 நாளாகக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடக்கிறது, அடியில் நனைந்துவிட்டது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு நனைந்தது ஒரு பந்தல். அதற்கு வியாழன் முழுக்க நாங்கள் போட்ட கூப்பாட்டை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அன்று மாலை பறை எப்படிக் கேட்டது என்பதை முன்வரிசையில் இருந்தவர்கள் சொல்லட்டும். அப்பாயி வரவில்லை. மாடு கறக்கிற நேரம். ஆனால் சத்தம் தன் வீடுவரை கேட்டதாம், இரண்டாவது அடி கொஞ்சம் ஓட்டமாகப் போய்விட்டதாம். உண்மைதான், ஓடிவிட்டோம்.

நேற்று நல்ல வெயில். பதினோரு பேர் போய்த் தார்ப்பாயை விலக்கி நெல்லைப் பரப்பினோம். காலால் கிளறுவது பறையாட்டத்தின் அடவைவிடக் கஷ்டம். பாதம் முழுக்க சுணை. சாயங்காலம் மீட்டரில் வைத்துப் பார்த்தபோது 19 காட்டியது. இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்றார் அப்பாயி. நாளை மதியம் வகுப்பு முடிந்ததும் மறுபடி போகிறோம். வருகிறவர்கள் 2 மணிக்குப் பின்வாசலுக்கு வந்துவிடுங்கள், தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.