இரவு எட்டு மணிக்கு முன்: ஈப்பர் நகரத்தாருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பெல்ஜியத்தின் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாணத்தில் உள்ள ஈப்பர் நகருக்குப் போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு பயணக் குறிப்பு தயாரித்தபோது, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள் நீங்கள். தனித்தனியாக எழுதினால் உங்களுக்கு நன்றி மட்டும்தான் வந்து சேரும். பொதுவில் எழுதினால் நீங்கள் சொல்லித்தந்தது அடுத்துப் போகிறவர்களுக்கும் பயன்படும். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி தீயணைப்புப் படையைச் சேர்ந்த பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) கலைஞர்களுக்கும், 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசை நிகழ்ச்சியை நடத்தும் லாஸ்ட் போஸ்ட் சங்கத்தாருக்கும். 1928 ஜூலையில் தொடங்கிய வழக்கம் இது. முதல் உலகப் போரில் இறந்து உடல் கிடைக்காதவர்களின் நினைவாக எழுப்பிய மெனின் வாயிலின் வளைவுக்குக் கீழே நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு பியூகிள் ஒலிக்கிறது. ஜெர்மானியர் நகரைப் பிடித்து வைத்திருந்த 1940 மே முதல் 1944 செப்டம்பர் வரை அது இங்கே நின்றுபோனது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை நகரை மீட்டது. அன்று மாலையே மறுபடி ஊதினார்கள். ஈப்பரில் ஒரு நாளைக் காலையிலிருந்து திட்டமிடாதீர்கள், இரவு எட்டிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள் என்று நீங்கள் சொன்னதுதான் குறிப்பின் முதுகெலும்பு. கோடையில் ஏழேகாலுக்குள் வளைவுக்கடியில் நின்றுவிட வேண்டும். எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். ஏழரை வாக்கில் சாலையை மறித்துவிடுவதால் காரில் கடைசி நேரத்தில் நெருங்கவும் முடியாது. மலர்வளையம் வைக்க விரும்புகிறவர்கள் சங்கத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்; கையில் பூவோடு வந்து நின்றால் நடுவில் போக விடமாட்டார்கள். முடிந்ததும் கைதட்டக் கூடாது. இது கச்சேரி அல்ல, அஞ்சலி. நம்மவர்கள் பழக்கதோஷத்தில் தட்டிவிடுவதுண்டு என்பதால் இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

ரயில் நிலையத்தில் உதவியவர்களுக்கு அடுத்த நன்றி. பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தால் வழக்கமாகக் கோர்ட்ரைக்கில் மாற வேண்டும். அங்கே அறிவிப்புப் பலகையில் ஈப்பர் என்று தேடுகிறவர் கோட்டைவிடுவார், ஏனென்றால் வண்டியின் கடைசி நிலையம் போப்பரிங்க; பலகையில் பெரிதாக வருவது அந்தப் பெயர்தான். இன்னொரு சிக்கல் எழுத்தில். ரோமன் எழுத்தில் இந்த ஊரின் முதலெழுத்தான பெரிய 'ஐ', பல அச்சுகளில் சின்ன 'எல்' மாதிரியே இருக்கும். அப்படியே பார்த்து 'எல்' போட்டுத் தேடினால் பயணச்செயலி ஊரே இல்லை என்கிறது. பிரெஞ்சில் இதே ஊர் ஈப்ர். பழைய ஆங்கிலப் புத்தகங்களிலும் அப்படித்தான். பிரான்சின் லீல் நகரிலிருந்து கார் எடுத்து வந்து மாலையில் திரும்புகிறவர்கள், ஃப்ளாண்டர்ஸ் சாலைப் பலகைகளில் லீல் என்ற பெயரைக் காணாமல் திகைப்பார்கள். அங்கே அதன் பெயர் ரெய்சல். நிகழ்ச்சி முடிந்து ரயிலைப் பிடிப்பதானால், வாயில் ஊரின் கிழக்கு விளிம்பிலும் நிலையம் மேற்கு விளிம்பிலும் இருப்பதை மறக்கக் கூடாது. நடுவே 20 நிமிஷ நடை. மலர்வளையங்கள் நிறைய இருக்கும் நாளில் நிகழ்ச்சியே அரை மணி நேரம் இழுக்கும். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துவிடுவது நல்லது.

பழைய துணி வணிகக் கூடமான துணி மண்டபத்தில் இருக்கும் 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' போர் அருங்காட்சியகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 1304-இல் கட்டி முடிந்த மண்டபம், 1914 நவம்பர் 22 அன்று குண்டுவீச்சில் தீப்பற்றியது. போர் முடிவதற்குள் இடிபாடாகிவிட்டது. இடிபாட்டை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிட வேண்டும் என்று சர்ச்சில் விரும்பினார். ஊர் திரும்பிய மக்கள் அதைக் கேட்கவில்லை, பழையபடியே கட்டிக்கொண்டார்கள். மண்டபத்தின் வேலை 1967 வரை நடந்தது. ஆக, சதுக்கத்தில் நின்று 'எவ்வளவு பழைய ஊர்' என்று வியக்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தப் போருக்குப் பிறகு கட்டியவை. உள்ளே பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். மணிக்கூண்டு ஏற 231 படிகள். முட்டிவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம். குளிர்காலத்தில் திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை காலையில் சதுக்கத்தில் சந்தை கூடுவதால் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது.

பெயர் தேடுவது எப்படி என்று சொல்லித்தந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடலில் அதிக இடம் தேவை. போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் மெனின் வாயிலில் உள்ளன. அவர்களில் பிரிட்டிஷ் படையினர் 1917 ஆகஸ்ட் நடுப்பகுதி வரை காணாமல் போனவர்கள். அதற்குப் பிறகு காணாமல் போன சுமார் 35,000 பிரிட்டிஷ் படையினரின் பெயர்கள், 10 கிலோமீட்டர் தள்ளி டைன் காட் கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரில் இருக்கின்றன. தேதி பார்க்காமல் போகிறவர் தவறான சுவரில் தேடுவார். நியூசிலாந்துக்காரர்களின் பெயர்கள் மெனின் வாயிலில் இல்லை. அவர்களுக்குத் தனி நினைவுச் சுவர்கள். பெயர்கள் அகரவரிசையில் மட்டும் அடுக்கப்படவில்லை. முதலில் படைப்பிரிவு, பிறகு பதவி, அதற்குப் பிறகே அகரவரிசை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பலகை எண்ணை எடுத்துக்கொண்டு போவதே வழி. நடுக்கூடத்தோடு திரும்பிவிடக் கூடாது. மாடிப்படிச் சுவர்களிலும் மேலே தூண்வரிசைக்குப் பின்னாலும் பலகைகள் தொடர்கின்றன. உயரத்தில் இருப்பதைப் படிக்க ஜூம் உள்ள கேமராவோ சின்ன பைனாகுலரோ வேண்டும்.

இந்தியப் பெயர்கள் 400-க்கும் மேல். இதில் தனிச் சிக்கல்: ஒரே பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால் பெயரைவிடப் படைப்பிரிவும் படை எண்ணும் வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். ஆணையத்தின் பதிவேட்டில் பலருக்குத் தந்தை பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் வரை இருக்கிறது. கல்லில் அது இராது. இந்தியப் படையில் போரிட வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புறம், நேபாளம் ஆகிய பகுதிகளின் ஆட்கள்; தமிழ்ப் பெயர் தேடிப் போகிறவர் ஏமாறக்கூடும். பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற குதாதாத் கானின் பெயரைப் பலர் இங்கே தேடுகிறார்கள். 1914 அக்டோபர் 31 அன்று ஹொல்லபேக்கில் எந்திரத் துப்பாக்கியோடு கடைசிவரை நின்ற அவர் பிழைத்துக்கொண்டார், காலமானது 1971-இல். 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர் 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் தாக்குதலுக்கு இறங்கியது. அன்று அதே விருதை வென்ற மீர் தஸ்தும் உயிர் தப்பியவர்தான். இந்தச் சுவர், உயிரும் போய் உடலும் கிடைக்காதவர்களுக்கானது.

டைன் காட்டின் தோட்டக்காரர்களுக்கு ஒரு தனி வணக்கம். கிட்டத்தட்ட 12,000 கல்லறைகள், அதில் 8,300-க்கும் மேல் பெயர் தெரியாதவை. ஆணையத்தின் கல்லறைத் தோட்டங்களில் உலகிலேயே பெரியது. கல்லுக்கு முன்னால் குறுகலான பாத்தியில் குட்டைச் செடிகள் ஏன் என்று கேட்டால், அழகுக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்தால் சேறு தெறித்து வெள்ளைக் கல்லின் அடிவரிகளை மூடிவிடும். செடி அதைத் தடுக்கிறது என்று விளக்கியவர்கள் நீங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸோ மாவோ தேய்க்கக் கூடாது. போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் செதுக்கிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெளியும். பதிவேடு, நுழைவாயில் அருகே சுவரில் பதித்த சின்னப் பித்தளைக் கதவுக்குள் இருக்கும். அதில் வரும் ரோமன் எண் பகுதியையும், எழுத்து வரிசையையும், கடைசி எண் கல்லறையையும் குறிக்கும்.

வயல்காரர்களுக்கும் வெடிகுண்டு அகற்றும் படையினருக்கும் நன்றி. உழும்போது இன்றும் வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. அவற்றைச் சாலையோர மின்கம்பத்தடியில் வைத்துவிட்டுப் படைக்குச் சொல்லி அனுப்புவது இங்கே பழகிப்போன காரியம். துருப்பிடித்த இரும்புதானே என்று காலால் தட்டிப்பார்ப்பதும், நினைவுப் பொருளாகப் பையில் போடுவதும் உயிருக்கு ஆபத்து. சில குண்டுகளில் விஷவாயு இருக்கிறது. துருவேற ஏற அவை கசியத் தொடங்கும்.

சைக்கிள் வாடகைக்குத் தந்தவர்கள் சொன்ன வழிகள் அப்படியே குறிப்பில் ஏறியிருக்கின்றன. வடக்கே கால்வாயோரம் மூன்று கிலோமீட்டருக்குள் எசெக்ஸ் ஃபார்ம். 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' கவிதையை எழுதிய கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே பணியாற்றிய இடம் அது; பிறகு கட்டிய கான்கிரீட் சிகிச்சை அறைகள் அங்கே இருக்கின்றன. டைன் காட் போய்வர 20 கிலோமீட்டர். எதிர்க்காற்று உண்டு, லேசான மேடும் உண்டு. மழை பெய்த மறுநாள் மண் பாதை வேண்டாம். அடியில் களிமண், தண்ணீர் இறங்காது. 1917-இல் வடிகால் வாய்க்கால்களைக் குண்டுகள் சிதைத்ததும் அதே களிமண்தான் ஆட்களையும் குதிரைகளையும் விழுங்கியது. சைவர்களுக்கு ஒரு செய்தி: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். தாவர எண்ணெயா என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

கடைசி நன்றி, கோட்டை மதில் நடைபாதையைக் காட்டியவருக்கு. ஆறரைக்கு வாயிலில் வந்து கால் கடுக்க நிற்பதற்குப் பதிலாக, தெற்கே லீல் வாயிலில் மதில்மேல் ஏறுங்கள் என்றார். ஏறியதுமே அகழியைப் பார்த்தபடி சுமார் 200 கல்லறைகள் கொண்ட சின்னத் தோட்டம். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், மரநிழலில், ஒரு பக்கம் தண்ணீர். பாதை முடிகிற இடத்தில் புல்வெளியில் அசோகர் சிங்கத் தலையோடு இந்திய நினைவுச்சின்னம். அதைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கினால் மெனின் வாயில். மணி ஏழேகால் இருக்கும்.

அன்புடன்,
பயணக் குறிப்பைத் தொகுத்தவர்கள்