போர்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதிய நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளியில் சேர்ந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி அளித்தது. வாஷிங் மெஷின் நின்றுவிட்டது, அதை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். அதே தொல்லை சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலும் நேர்ந்தது.

இடிமழையில் மின்சாரம் போய் வந்த பிறகு, முன்பக்கக் கதவுள்ள எங்கள் மெஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை. பார்க்க வந்தவர், போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லி, புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழுதான பாகத்தைத் தேட அவருக்கு நேரமும் கொடுக்கப்படுவதில்லை, சர்க்யூட் வரைபடமும் கொடுக்கப்படுவதில்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியும், எங்கள் மெஷினின் வரைபடம் மட்டும் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

ஆனால் போர்டு முழுவதும் ஒரேயடியாகப் போவது அரிது. மெஷினின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; அதற்கு மின்சாரம் தரும் பகுதிதான் அடிபட்டிருக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு வழியாக ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாகி (நேர்மின்சாரமாகி), எல்என்கே304 போன்ற ஒரு சின்ன ஐசியால் (சில்லால்) 12 வோல்ட்டாகக் குறைகிறது. மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களுக்கு அந்த 12 வோல்ட். அதிலிருந்து மைக்ரோகண்ட்ரோலருக்கு 5 வோல்ட். எங்கள் போர்டில், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் வெடித்துக் கருகியிருந்தது, ஃபியூஸ் போல வேலை செய்யும் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகி, அதாவது உள்ளே அறுந்து போயிருந்தது, ஐசி ஷார்ட். இந்த மூன்றோடு, பக்கத்திலிருந்த மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 4.7 மைக்ரோஃபேரட் 400 வோல்ட் கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். பார்வைக்கு உப்பாமலேயே கொள்ளளவை இழந்துவிடுவது அவற்றின் இயல்பு. 105 டிகிரி வெப்பம் வரை தாங்கும் என்று அச்சிட்டதையே வாங்குங்கள். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெரு உங்களுக்குப் பக்கம் என்பதால் அலைச்சலும் இல்லை. போலி வந்துவிடாமலிருக்க, ஐசியை மட்டும் பில் தரும் கடையிலேயே வாங்குங்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். இத்தகைய போர்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வு, பம்ப் போன்றவற்றுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரையாக்குகளை இயக்க வசதியாக, 5 வோல்ட் லைனையே நேராக மெயின்ஸின், அதாவது வீட்டு மின்சாரத்தின், ஒரு முனையோடு இணைத்துவிடுகிறார்கள். ஆகவே 5 வோல்ட்தானே என்று எண்ணித் தொட்டாலும் அடிப்பது 230 வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும், ஐசி வேலை செய்யாத போர்டில், கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும்; ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், கையில் படாதபடி ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே கை வையுங்கள். பாகங்களை மாற்றியபின் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே போர்டுக்குப் போகும்படி, போட்டுக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

கருகியது டிரையாக் என்றால், அது இயக்கும் பாகத்தை அளக்காமல் புதியதை வைக்க வேண்டாம். மல்டிமீட்டரில் அளந்தால், தண்ணீர் வால்வின் கம்பிச் சுருளான காயில் சுமார் 4 கிலோ ஓமும், டிரெயின் பம்ப்பில் சுமார் 150 முதல் 200 ஓமும் காட்ட வேண்டும். காயில் ஷார்ட் இருந்தால் புது டிரையாக்கும் அன்றே போய்விடும். போர்டு குற்றவாளியாக இல்லாமல் பலியானதாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புதுப் போர்டை வாங்கி மாட்டுபவர்களும் இதைச் சோதிக்காமல் மாட்டி, அதையும் இழக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்களுடையது மேலே திறக்கும் மெஷின் என்றால், ஈரம் புகாதிருக்க போர்டு முழுவதும் பசை போன்ற ரெசின் ஊற்றியிருக்கலாம். அதை, மின்சாரம் தரும் பகுதிக்கு மேலே மட்டும் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் மோட்டாருக்கான போர்டு என்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம். அதில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் ஆளையே வீழ்த்தும், அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுவோம்.

கனெக்டர்களைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டின் இரண்டு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்; ஐசியின் மேலுள்ள எண் தெரிய வேண்டும். எதை அளப்பது, எதை வாங்குவது என்று உடனே எழுதுகிறேன். அதுவரை புதுப் போர்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
தங்கள் நண்பன்