ஹெட்டைக் கழற்றும் முன் ஸ்விட்சைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பரணில் கிடக்கும் டேப் ரிக்கார்டர்களுக்கு உயிர் கொடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தோம். பெல்ட் மாற்றுவது, டேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையான பின்ச் ரோலரைத் துடைப்பது எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுவது, ஓசை வந்து வந்து போவது, பிளே பட்டனை அழுத்தியதும் செட் ஊளையிடுவது ஆகிய மூன்றுக்கும் 'ஹெட் (டேப்பில் உரசி ஒலியைப் படிக்கும் காந்தத் தலை) தேய்ந்துவிட்டது' என்று ஒரே தீர்ப்பு எழுதியிருப்பது தவறு. முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிக்கார்டு-பிளே ஸ்விட்சைத்தான்.

சாதாரண கேசட் டெக்கில் பதிவுக்கும் ஒலிப்புக்கும் ஒரே ஹெட். போர்டில் இரு வரிசைக் கால்களோடு நீளமாகப் படுத்திருக்கும் ஸ்லைடு ஸ்விட்ச்தான் அதைப் பிளேயில் ஆம்ப்ளிஃபயரின் வாசலிலும் (நுழைவு), பதிவில் அதன் கொல்லையிலும் (வெளியீடு) கட்டிவிடுகிறது. பிளேயில் ஹெட் தருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஸ்விட்சின் உள் தொடர்புகளில் உள்ள வெள்ளிப் பூச்சு கறுத்துப் படலம் கட்டிவிட்டால் அத்தனை சன்னமான சிக்னல் அதைத் துளைத்துப் போகாது. பதிவின்போது ஒலியோடு சேர்ந்து ஹெட்டுக்குப் போகும் பயாஸ் என்ற உயர் அதிர்வெண் மின்சாரம் பல வோல்ட். அது துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே பதிவு நன்றாக இருந்து, ஒலிப்பு மட்டும் தகராறு செய்தால் ஹெட்டின் மேல் பழி போட வேண்டாம். (மூன்று ஹெட் டெக்குகளில் பதிவுக்கும் ஒலிப்புக்கும் தனித்தனி ஹெட் என்பதால் இந்தக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது.)

ஊளைக்குக் காரணம் வேறு. ஸ்பிரிங் தளர்ந்தோ, பழைய கிரீஸ் பிசினாக இறுகியோ ஸ்விட்சின் நகரும் பகுதியான ஸ்லைடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திரும்பாமல் நின்றால், ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு அதன் நுழைவுக்கே போய்ச் சேருகிறது. இதில் ஆபத்தும் உண்டு. பழைய பதிவை அழிக்கும் தனி ஹெட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கால்களும் அதே ஸ்விட்சில்தான் பெரும்பாலும் இருக்கும். பாதியில் சிக்கிய ஸ்லைடு, பிளேயிலேயே டேப்பை அழித்துவிடலாம். 'கேசட்டின் பின்பக்கக் காதை (பதிவைத் தடுக்க உடைக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு) உடைத்துவிட்டால் பயமில்லை' என்று குறிப்பில் இருக்கிறது. காது இல்லாத கேசட் ரிக்கார்டு பட்டனை அழுத்தவிடாது, அவ்வளவுதான். ஏற்கெனவே சிக்கிக் கிடக்கும் ஸ்லைடை அது ஒன்றும் செய்யாது. இதற்கு மட்டுமாவது திருத்தம் போடுங்கள். திரும்பக் கிடைக்காத குரல்கள் உள்ள கேசட்டைச் சோதனைக்குப் போடவே கூடாது.

சுத்தம் செய்வது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்லைடின் இரு முனை இடுக்கிலும் மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயான கான்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வழியே ஒரு சொட்டளவு அடித்து, ரிக்கார்டு பட்டனை இருபது முப்பது முறை அழுத்தி விட வேண்டும். அரை மணி நேரம் உலரட்டும். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம். அன்றைக்கு நன்றாகப் பாடும், பிறகு தூசியைச் சேர்த்துப் பழையபடி ஆகும். தொடர்பு சரியாகிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பவர்கள் ஹெட் வயரைக் கழற்றிவிட்டே பார்க்க வேண்டும். மின்தடையை அளக்கும் ஓம் அளவில் மீட்டர் அனுப்பும் நேர்மின்சாரம் ஹெட்டைக் காந்தமாக்கிவிடும். அதன்பின் போடும் ஒவ்வொரு கேசட்டிலும் இரைச்சல் ஏறும்.

இரு மெல்லிய உலோக இலைகள் தொட்டு மோட்டாரை முடுக்கும் லீஃப் ஸ்விட்சுக்குக் கிளீனர்கூடத் தேவையில்லை. தடித்த வெள்ளைத் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, இரு இலைகளுக்கும் நடுவே விட்டு, மெதுவாக அழுத்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்தால் தாளில் கரிக்கோடு விழும். கோடு நின்றால் வேலை முடிந்தது. உப்புத்தாள் போட்டால் பூச்சே போய்விடும். மோட்டார் ஓடும்போது இரு இலைகளுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் அழுக்கு இருக்கிறது.

வால்யூம் கன்ட்ரோலின் கரகரப்பும் கிளீனரில் போய்விடும். போன வேகத்தில் திரும்பி வந்தால், அதற்கு முன்னால் உள்ள கப்பாசிட்டர் நேர்மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். கன்ட்ரோலை மாற்றிப் பயனில்லை, கப்பாசிட்டரை மாற்றுங்கள்.

கடைசியாக, டேப் ஓடாதபோது செட்டைத் தானே நிறுத்தும் ஆட்டோ ஸ்டாப். பிளே போட்ட சில விநாடிகளில் தானே நின்றால் ஆட்டோ ஸ்டாப் வயரைத் துண்டித்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள். பல டெக்குகளில் டேப்பைச் சுற்றும் ரீல் கவுண்டரையும் சுழற்றுகிறது; கவுண்டரோடு சுழலும் சிறு காந்தத்தின் துடிப்பைப் பார்த்துத்தான் சர்க்யூட் 'டேப் ஓடுகிறது' என்று நம்புகிறது. நிற்பதற்கு முன் கவுண்டர் எண் நகர்கிறதா என்று பாருங்கள். நகராமல் ரீல் மட்டும் சுழன்றால் கவுண்டரின் சின்ன பெல்ட் அறுந்திருக்கிறது. ரீலே சுழலவில்லை என்றால் ஆட்டோ ஸ்டாப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. வயரைத் துண்டித்தால், டேப்பை ஓட்டும் சுழல்தண்டான கேப்ஸ்டன் தள்ளும் டேப்பை வாங்கிச் சுற்ற ஆளில்லாமல், அத்தனையும் பின்ச் ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்ப்போர் சிலர்