நிலாவெளிக்குத் தூண்டிலோடு போகும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பு மகள்,

நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் சேர்ந்திருந்து கேட்டோம். கந்தோர்ப் பிள்ளைகள் எல்லோருமாகத் தூண்டில் சங்கம் தொடங்கிவிட்டீர்கள், சனிக்கிழமைகளில் திருகோணமலைக் கரையில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் போகிறீர்கள் என்று கேட்க எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அம்மாவுக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. சங்கத்துக்கு விதி எழுதப் போகிறோம், கொழும்பில் உங்கள் தூண்டில் கூட்டத்தில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் "சரி, சரி" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் வேறு எதையும் எழுதாமல் இதை மட்டும் எழுதுங்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் எல்லோரும் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, சுற்றிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். சொன்னவர் காரணம் காட்டத் தேவையில்லை. அன்றைக்கோ பிறகோ அவரை யாரும் பகிடி பண்ணவும் கூடாது. தலைவர் சொன்னாலும் நேற்றுச் சேர்ந்த பிள்ளை சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு ஒரே மதிப்பு.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பாய். கரையில் அடிபடுகிறவர்களில் பலர் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை, பிள்ளை. அலை பெரிது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வானுக்கு வாடகை கொடுத்தாயிற்று, இரைக்கு றாலும் கணவாயும் வாங்கி ஐஸ் போட்டாயிற்று, விடியப்புறம் எழும்பி இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இனித் திரும்புவோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அடுத்தவன் நிற்கிறானே என்று இவன் நிற்பான், இவன் நிற்கிறானே என்று அவன் நிற்பான். தனியாக வந்திருந்தால் இரண்டு பேருமே வீட்டுக்குப் போயிருப்பார்கள். கூட்டமாகப் போவது பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுக்கிற கூட்டத்துக்குத்தான் அது பொருந்தும்.

போன சித்திரையில் முகத்துவாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். களனி கங்கை கடலில் விழுகிற இடத்து மணல் திட்டு உனக்குத் தெரியும்தானே. அங்கே கொடுவாவுக்கும் செம்பல்லிக்கும் நின்றோம். கொழும்பில் ஒரு துளி மழை இல்லை, வானம் வெளித்திருந்தது. எங்களோடு வந்த ஒரு அங்கத்தவரின் மகன், பள்ளிக்கூடப் பிள்ளை, "அங்கிள், தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வந்திட்டுது, எனக்குப் பயமா இருக்கு" என்றான். அப்போதுதான் ஒரு நல்ல பாரை வந்து இரையைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. இன்னும் ஒரு தரம் வீசிப் பார்க்க எல்லோருக்கும் கை துடித்தது. ஆனால் விதி விதிதான். சாமானைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டோம். மலைநாட்டில் முதல் நாள் பெய்த மழை ஆற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் மேலே நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே வேரோடு ஒரு மூங்கில் பற்றை உருண்டு வந்து, நாங்கள் நின்ற திட்டின் நுனியை அறுத்துக்கொண்டு போயிற்று. அந்தப் பிள்ளை அன்றைக்குக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்.

சரி, அடுத்தது பருவம். நீ வளர்ந்தது மேற்குக் கரையில், இப்போது நிற்பது கிழக்கில். இங்கே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற வைகாசி முதல் புரட்டாதி வரைக்கும் கடல் கொந்தளிக்கும், நாங்கள் அநேகமாகக் கரைக்கே போவதில்லை. அந்த மாதங்களில் உங்கள் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். உன் கூட்டாளிகள் சங்கம் தொடங்கியதும் அந்தக் குளத்தைப் பார்த்துத்தான். ஐப்பசி பிறந்த பிறகு அதே கடலை நம்பாதே. முதலில் பின்னேரங்களில் இடி மின்னல் வரும், பிறகு வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கிவிடும். வங்காள விரிகுடாவில் உருவாகிற சூறாவளிகள் உங்கள் கரையைத் தேடி வருவது கார்த்திகை, மார்கழியில்தான். 1964 டிசம்பரில் வந்தது, 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டியது, 2020 டிசம்பரில் புரெவி, மூன்றுமே அந்தக் காலத்தில் வந்தவை. வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கென்று நாள்தோறும் அறிக்கை விடுகிறது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவும் அன்று காலையும் அதைப் பார்த்து வட்ஸ்அப் குழுவில் போடுகிற பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் பொது என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மின்னலை லேசாக எடுக்காதே. இப்போது எல்லோரும் வைத்திருப்பது காபன் தூண்டில் தடி. அது மின்சாரத்தைக் கடத்தும், அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியான மணலில் நிற்கிறீர்கள். மின்னிய பிறகு எண்ணிப் பார். 30 விநாடிக்குள் இடி கேட்டால் தடியைக் கீழே போட்டுவிட்டு வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடு. மரத்துக்குக் கீழே ஒதுங்காதே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பி வரவும் வேண்டாம்.

கல்லில் ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் கல் அதிகம். போனவுடன் கல்லில் ஏறாதே. பின்னால் தள்ளி நின்று ஒரு கால் மணித்தியாலம் அலையை மட்டும் பார். அலைகள் ஒரே அளவாக வருவதில்லை. சின்னச் சின்னதாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று நாலைந்து பெரிய அலை தொடர்ந்து வரும். அந்தப் பெரியது எந்தக் கல்வரைக்கும் நனைக்கிறது என்று பார்த்து, அதற்கும் மேலே உலர்ந்திருக்கிற கல்லில் நில். பச்சையாகவோ கறுப்பாகவோ மினுங்குகிற கல்லில் கால் வைக்காதே, அது பாசி. றப்பர் செருப்போடு கல்லில் ஏறுகிறவரைச் சங்கத்தில் ஏற்றவே வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டும். இரை மாட்டும்போதும் மீனைக் கழற்றும்போதும் முகம் கடலைப் பார்த்தபடியே இருக்கட்டும். பெரிய மீன் கல்லிடுக்கில் போய்ச் சிக்கினால் தங்கூசியை அறுத்துவிடு. அதை எடுக்க இறங்காதே. மீன் இன்னொரு நாளைக்கு வரும்.

மணற்கரையில் வேறு ஆபத்து. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பாகம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் நல்ல இடம் என்று நினைத்து இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்கக்கூடாது. கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இறக்கக்கண்டிப் பாலத்தடி மாதிரி, களப்பு (கடலோர உப்பு ஏரி) கடலோடு சேருகிற வாய்களில் இன்னும் கவனம். நம் தீவைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் அவ்வளவு பெரிய களப்பின் தண்ணீர் ஒரு சின்ன வாயால் வெளியேறும்போது இடுப்பளவு ஆழத்தில் நிற்கிற ஆளைக்கூடத் தூக்கிவிடும். முழங்காலுக்கு மேலே இறங்குகிற எவரும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும் என்று விதி போடுங்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அதே விதி. அங்கியில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள், அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது.

யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக்கூடாது. இதைச் சும்மா எழுதிவைத்தால் போதாது, கரையில் நின்று பழக வேண்டும். ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கலன் ஒன்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இறுக்கி மூடி, பிடியில் நீளமான கயிறு கட்டு. அடியில் தண்ணீர் இருப்பதால் காற்று அடித்துப் போகாமல் வீசிய இடத்தில் விழும், மிதக்கவும் மிதக்கும். எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர் தூண்டில் வீசப் பழகுவதற்கு முன்னால் இதை வீசப் பழக வேண்டும்.

காயங்களில் அதிகம் வருவது கெளுத்தி முள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூன்றிலும் நஞ்சு. குத்தினால் கையை, தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் காட்டு, முள் முறிந்து உள்ளே இருந்தால் சீழ் பிடித்துவிடும். திருக்கைக்கும் கல்மீனுக்கும் இதே சுடுதண்ணீர்தான், ஆனால் அவற்றுக்கு நேராக ஆஸ்பத்திரி. ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுபோகாமல் போகவேண்டாம். தூண்டில் முள் கண்ணுக்குக் கிட்டவோ கழுத்திலோ ஏறினால் யாரும் இழுக்கக்கூடாது, அப்படியே அசையாமல் வைத்து 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உடம்பை ஊதிக்கொள்கிற பேத்தை மீன் பட்டால் திரும்பக் கடலில் விட்டுவிடு. அதன் நஞ்சு எவ்வளவு நேரம் அவித்தாலும் போகாது.

சட்டம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடக்கூடாது. ஈட்டித் துப்பாக்கி நம் நாட்டில் தடை, உன் நண்பர் ஒருவர் அதைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம் என்று சொல்லிவிடு. முட்டையோடு சிங்க இறால் பட்டால் விட்டுவிட வேண்டும். கடற்படை முகாம்களின் பக்கம் போகாதீர்கள். வெடி வைத்துப் பிடித்த மீனை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இனி நல்ல விசயங்கள். எப்போதும் மீன் பிடிப்பது மட்டும்தான் சங்கம் என்றால் கடல் சரியில்லாத மாதங்களில் அது கலைந்துவிடும், அல்லது சும்மா இருக்க முடியாமல் கெட்ட கடலுக்குப் போவார்கள். அதனால் கரைக்குப் போகாத நாட்களுக்கும் வேலை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சோளக மாதங்களில் மைதானத்தில் வீச்சுப் போட்டி வைப்போம். முள் இல்லை, ஈயக்குண்டு மட்டும். பழைய டயர் ஒன்றைத் தூரத்தில் போட்டு அதற்குள் விழுத்த வேண்டும். வீசுவதற்கு முன்னால் பின்னுக்குத் திரும்பிப் பார்க்காதவருக்குப் புள்ளி இல்லை. காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற பிள்ளைகளுக்கு நடுவே நின்று வீசுகிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியும்.

முடிச்சுப் பழகுவதற்கும் ஒரு நாள் வையுங்கள். தங்கூசியை முள்ளின் கண்ணில் கோத்து, தன்னைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முதல் கண்ணியால் எடுத்து இழுக்கிற அந்த முடிச்சை நீ வேகமாகப் போடுவாய். ஆனால் இழுப்பதற்கு முன்னால் எச்சில் தொட்டு நனைக்கமாட்டாய். உலர்ந்த நைலோன் இறுகும்போது உரசிச் சூடேறி அந்த இடத்தில் பலம் குறைந்துவிடும். நனைத்து, மெதுவாக இழுத்து, சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக உட்காருவதைப் பார். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிப்போட்டுத் திரும்பக் கட்டு.

போயா (பௌர்ணமி) நாட்களில் எங்கள் கூட்டம் தூண்டில் தொடாது, அன்றைக்குக் கரை துப்புரவாக்குவோம். சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பிள்ளைகளோடு வருவார்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி இந்தக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியபோது சல்லடையோடு நின்றதில் தொடங்கிய பழக்கம் அது. முக்கியமாக அறுந்த தங்கூசியைப் பொறுக்குவோம். போன மாதம் மார்க்கண்டு... வேண்டாம், பெயர் எதற்கு, எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் கால் இரண்டும் நைலோனில் இறுகிப் பறக்க முடியாமல் கிடந்த ஒரு காகத்தைத் துவாயால் மூடிப் பிடித்து நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக வெட்டிவிட்டார். இழை தோலுக்குள் இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிள்ளைகள் ஒருவரும் அதற்குப் பிறகு ஒரு துண்டுகூடக் கரையில் போட்டதில்லை.

மாசி, பங்குனியில் உங்கள் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு இங்கே வா, அப்போது எங்கள் கடல் நன்றாக இருக்கும். வருகிறவர்களுக்கு இப்போதே ஒன்றைச் சொல்லிவை. கொள்ளுப்பிட்டியில் இருந்து கல்கிசை வரைக்கும் கடலுக்குப் போவதென்றால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அலைச் சத்தத்திலும் எதிர்க்காற்றிலும் பின்னால் வருகிற ரயில் கேட்காது. இரட்டைப் பாதை வேறு, ஒன்று போய்விட்டது என்று காலை வைத்தால் மற்றதில் வரும். தண்டவாளத்தில் நடந்து போகிற பழக்கம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே கூடாது. கடவையில் நின்று பார்த்து நேராகக் கடந்து வர வேண்டும். காதில் பாட்டு வேண்டாம், தடியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

உயிர்காப்பு அங்கி வாங்க உங்களிடம் இப்போது காசு காணாது என்று அம்மாவிடம் சொன்னாயாம். எங்கள் கூட்டத்தில் கதைத்துவிட்டேன், நாலு தருகிறோம். நெஞ்சுச் சுற்றளவும் நிறையும் எழுதி அனுப்பு, அளவு பெரிதென்றால் தண்ணீரில் தலைக்கு மேலே கழன்று வந்துவிடும். இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், காலையில் போய் எடுத்துக்கொள். விதிகளை எழுதியதும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. அங்கிகள் வரும்வரை களப்பு வாயில் இறங்கவேண்டாம், மணலில் நின்று வீசுங்கள்.

அன்புடன்,
அப்பா