தோப்பை விற்பதற்கு முன்னால், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தம்பியைப் பைலட் படிப்பில் சேர்க்க, ஆனைமலைத் தோப்பில் இரண்டு ஏக்கரைப் பேசி முடிக்கப் போகிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னார். "எங்கண்ணன் புள்ளையே ஓட்டறா, எம்பையன் ஓட்ட மாட்டானா" என்றீர்களாம். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. பட்ட பாட்டை நான் வீட்டில் முழுசாகச் சொன்னதே இல்லை. நம்ம பக்கம் இதே யோசனையில் இன்னும் சில வீடுகள் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

லைசென்ஸ் வேறு, வேலை வேறு சித்தப்பா. 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளையும் முடித்தால் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கும். அந்த 200 மணியும் செஸ்னா மாதிரி சின்ன விமானத்தில்தான். ஏர்பஸ் ஏ320 மாதிரி பெரிய பயணிகள் விமானம் ஓட்ட வேண்டுமென்றால், அந்த ரகத்துக்கென்று டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சியும் தகுதியும் வேண்டும். எனக்கு லைசென்ஸுக்கு 38 லட்சம், டைப் ரேட்டிங்குக்கு 17 லட்சம் ஆனது. இரண்டாவது தொகையை அப்பாவும் நானும் கணக்கில் சேர்க்கவே இல்லை. யாரும் சொல்லவில்லை.

நான் படித்த விமானப் பயிற்சிப் பள்ளியில் ஐந்து விமானம் நிற்கும், இரண்டுதான் பறக்கும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் முறைக்குக் காத்திருப்பது போலத்தான் காத்திருந்தோம். நம் முறை வரும் அன்று பனிமூட்டமாக இருக்கும். 200 மணி சேர 26 மாதம் ஆனது. பணத்தை முன்னாலேயே மொத்தமாகக் கட்டியிருந்ததால் எதிர்த்துக் கேட்க வாயில்லை.

2018 கடைசியில் லைசென்ஸ் கைக்கு வந்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் விமான நிறுவனம் நின்றுபோனது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி நிற்கும்போது என்னை யார் கூப்பிடுவார்கள்? அடுத்த மார்ச்சில் கொரோனா. உள்நாட்டு விமானங்களே இரண்டு மாதம் பறக்கவில்லை.

அப்போதெல்லாம் பல்லடத்துக் கோழிப் பண்ணையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். குஞ்சு இறக்கிய ராத்திரிகளில் யாராவது விழித்திருக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்தால் சூடு போதவில்லை. ஓரமாக விலகி வாயைத் திறந்து நின்றால் சூடு அதிகம். பல்பை ஏற்றி இறக்கிக்கொண்டே, மடியில் நேவிகேஷன் புத்தகத்தை வைத்துப் படிப்பேன். மேலே விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட முடியாது. ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தேர்வு என்று புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பேட்ச் கோழியில் மிஞ்சியது அதிலேயே போய்விடும். வங்கித் தவணை மட்டும் வேலை கிடைக்கும் வரை காத்திருக்கவில்லை.

2022-ல்தான் வேலை வந்தது, அம்மாவின் நகையை வைத்து டைப் ரேட்டிங் முடித்த பிறகு. பயிற்சிக் காலத்தில் கைக்கு வந்தது 62,000 ரூபாய். கடன் தவணை 43,000. விமான நிலையம் பக்கத்தில் மூன்று பெண்கள் ஒரே அறை, ராத்திரி இரண்டரைக்குக் கார் வரும். பறந்த மணிக்குத்தான் கூடுதல் படி, மழையில் விமானம் ரத்தானால் அதுவும் குறையும். அந்த நேரத்தில்தான் பெருந்துறைக் கல்யாணத்தில் ஒரு சொந்தக்காரர் "லட்ச லட்சமா வாங்கறயாமே" என்று கேட்டார். அப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது இன்னும் மனசில் இருக்கிறது.

இப்போது பரவாயில்லை. நல்ல சம்பளம், நகையையும் மீட்டாயிற்று. அவிநாசி ரோடு கீழே தெரிய கோயமுத்தூரில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைகிறது. அதனால் தம்பி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். முதலில் பைலட்டுகளுக்கான கிளாஸ் 2, அப்புறம் அதைவிடக் கடுமையான கிளாஸ் 1 மருத்துவத் தகுதி வாங்கட்டும். நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறைபாடு இருப்பதே அங்கே போய்த்தான் சிலருக்குத் தெரிகிறது. தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே படித்து நான்கு தாளாவது எழுதி முடிக்கட்டும், அவனுக்கு இது ஒத்துவருமா என்று அவனுக்கே புரியும். அதுவரை ஒரு தென்னையைக்கூட விற்க வேண்டாம். விற்றாலும், டைப் ரேட்டிங்குக்கும் வேலையில்லாத இரண்டு வருஷத்துக்கும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதி படிப்புக்குப் போதுமா என்று பாருங்கள்.

பள்ளியை முடிவு செய்யும் முன் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்று எத்தனை விமானம் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். மாணவர்களிடம் போன மாதம் எத்தனை மணி பறந்தீர்கள் என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்காதீர்கள். பணத்தைப் பறந்த மணிக்குத் தகுந்தபடி தவணையாகத்தான் கட்ட வேண்டும்.

வரும் புதனும் வியாழனும் எனக்கு ஓய்வு. தோட்டத்துக்கு வருகிறேன். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள், சித்தப்பா.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்